மாப்ளே, கோபுரம் கெழக்க இருக்கு

கோவிச்சுக்கப்படாது மாப்ளே. நீங்க படிச்சவரு, ஆபீசுல முப்பது பேர மேய்க்கிறவரு. நான் வேதாரண்யத்துல வீடு வீடாப் பைப்பு நட்டு ஆன்டெனா கட்டிக் கஞ்சி குடிச்சவன். மருமகனுக்கு மாமனாரு புத்தி சொல்றது எங்க பக்கம் வழக்கமில்ல. அதனால இதப் புத்தியா எடுத்துக்காதீங்க, சாப்புட்டு வெத்தல போடுற நேரத்துப் பேச்சா வச்சுக்குங்க. வெத்தலதான் சிகாகோ ஏர்போர்ட்டுலயே பறிபோயிடுச்சு.

மாசாமாசம் கேபிளுக்கு அழுவுறது தெண்டம்னு அத நிறுத்துனீங்களே, அது நல்ல காரியம். இந்த ஊருல பெரிய சேனலெல்லாம் காத்துலயே சும்மா வருது, கம்பிய நீட்டுனாப் போதும். ஆனா அந்தச் சும்மாவுக்கு நீங்க நாலு ஆன்டெனா வாங்குனதுதான் எனக்குப் புரியல. மொத பெட்டியில 60 மைலுன்னு போட்டிருந்துச்சு. அடுத்தது 150. அப்பறம் 300. நாலாவது பெட்டியோட கணக்கப் பாத்தா இங்க நேப்பர்வில்லுல உக்காந்துகிட்டே நியூயார்க்கு டி.வி.யப் பாக்கலாம் போல. பூமி உருண்டைன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்கல்ல? டி.வி. அலை பெரும்பாலும் நேராப் போறது. அறுபது, எழுபது மைலத் தாண்டுனா பூமி வளஞ்சுக்கும், அலை நம்ம தலைக்கு மேல போயிடும். பெட்டியில எத்தன சைபர் போட்டாலும் பூமி நிமிராது. அது போகட்டும், நமக்கும் சேனலு வர்ற கோபுரத்துக்கும் முப்பது மைலுகூட இல்லியே!

இலங்கை டி.வி. ரூபவாகினி மட்டும் கடலத் தாண்டி எப்புடி வந்துச்சுன்னு மடக்குவீங்க. 1982-ல அவன் ஆரம்பிச்சான். எங்க ஊர்ல நாப்பதடி பைப்பு நட்டு, தெக்கப் பாத்து கொஞ்சம் கெழக்க சாய்ச்சுக் கட்டுவோம். கடல் மேல காத்து ஒத்தாசை பண்ணுன நாள்ல வந்துச்சு, பண்ணாத நாள்ல மழப் பூச்சி மொச்ச மாதிரி புள்ளி. அந்தப் புள்ளிக்குள்ளயே கிரிக்கெட்டு பாத்தோம். பந்து எது புள்ளி எதுன்னு பழகிப்போச்சு. அது அனலாக் காலம், கால்வாசி வந்தாலும் கால்வாசியக் குடுக்கும். இந்த நாட்டுல பெரிய ஸ்டேஷனெல்லாம் 2009-லயே அத மூட்ட கட்டிட்டு டிஜிட்டலுக்குப் போயிட்டாங்க. டிஜிட்டலு வட்டிக் கடக்காரன் மாதிரி, ஒரு காசு கொறஞ்சாலும் நகையத் திருப்பித் தரமாட்டான். சிக்னலு அளவுக்கு மேல இருக்கா, கண்ணாடி மாதிரி படம். ஒரு மயிரிழை கீழ எறங்குச்சா, சதுரம் சதுரமா ஒடஞ்சு அப்பறம் கறுப்பு. ‘நேத்து நல்லாத்தானே வந்துச்சு’ன்னு நீங்க ரிமோட்ட மொறச்சீங்களே, நேத்தும் அது விளிம்புலதான் நின்னுகிட்டு இருந்திருக்கு.

நாலு ஆன்டெனா மாத்துனீங்க, கோபுரம் எந்தத் தெசையில இருக்குன்னு மட்டும் கேக்கல. நான் பேத்தியக் கேட்டேன். எஃப்.சி.சி.ன்னு அரசாங்க ஆபீசு ஒண்ணு இருக்காமே, அதோட வரைபடத்துல நம்ம விலாசத்தப் போட்டுச்சு. எந்த சேனல் எந்தப் பக்கமிருந்து வருது, எவ்வளவு பலம்னு பச்ச, மஞ்சக் கலருல வரிசையா வந்துடுச்சு. முக்கால்வாசி சேனலு சிகாகோவுல இருக்குற வில்லிஸ் டவர் உச்சியிலேருந்துதான். 108 மாடி. அதுக்கு எலும்புக்கூட்டக் கணக்குப் போட்ட இஞ்சினியரு ஃபஸ்லுர் ரஹ்மான் கான், டாக்காவுல பொறந்தவரு. நம்ம பக்கத்து ஆளு போட்ட கணக்கு மேலேருந்து இந்த ஊரு முழுக்க படம் பொழியுது, நம்ம வீட்டுல மட்டும் வறட்சி.

அந்த டவரு நமக்குக் கெழக்க இருக்கு. உங்க டி.வி. மேக்குச் சுவத்துல இருக்கு. ஆன்டெனாவ டி.வி.க்குப் பின்னால ஒட்டி வச்சிருக்கீங்க, வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு என் மக சொல்லியிருப்பா. (அது அவங்கம்மா புத்தி, எனக்குப் பங்கில்ல.) அப்ப அலை லிஃப்டத் தாண்டி, ஃபிரிட்ஜத் தாண்டி, கடைசில டி.வி.யவே தாண்டி வரணும். விருந்தாளிய முன்வாசல்ல நிறுத்திட்டுக் கொல்லையில எல போட்ட கத.

ஜன்னல்ல ஒட்டிப் பாத்தேன்னு சொல்லுவீங்க. பாத்தீங்கதான். இந்தக் கண்ணாடியில குளிரு வராம இருக்கக் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு பூசியிருக்கு. குளிரத் தடுக்குறது அலையையும் கொஞ்சம் தடுக்கத்தான் செய்யும்.

அப்பறம் அந்த பூஸ்டரு. சிக்னலு கம்மியா வந்தா பூஸ்டரப் போடுன்னு ஆரோ சொன்னான், போட்டீங்க. கட்டக் குரல்காரனுக்கு மைக்செட்டு வச்சா குரல் இனிக்குமா? கட்டக் குரலு ஊருக்கே கேக்கும். பூஸ்டரு சிக்னலோட சேத்து இரைச்சலையும்தான் தூக்கும். வயரு நீளமா போனா, ஒரு ஆன்டெனாவ மூணு டி.வி.க்குப் பிரிச்சா, அப்ப வேணும். உங்க வயரு ஆறடி. நேத்து அதக் கழட்டுனேன், ரெண்டு சேனலு கூடுதலா வந்துச்சு. உங்கக்கிட்ட சொல்லல. கழட்டும்போது இன்னொண்ணும் பாத்தேன். வயரு நுனியில நடுவுல நிக்கிற செப்புக் கம்பி ஓட்டைக்குள்ள போகாம மடங்கி, பக்கத்துல சாஞ்சு கெடந்துச்சு. நகத்தால நிமித்தி, மரைய விரலாலயே இறுக்குனேன். செலவு ஒண்ணுமில்ல.

இவ்வளவுக்கும் 2-ஆம் நம்பரு வரல. அதுதான் உங்க மாமியாருக்கு உயிரு. காலையில சாமான் வெலய யூகிச்சு சொல்ற போட்டி ஒண்ணு போடுறாங்கல்ல, பாஷ தெரியாமலே உக்காந்துக்கறா. சோப்புப் பொடி வெலய அந்த வெள்ளக்காரியவிட இவ கிட்டக்க சொல்றா! அந்த சேனலுக்கு டி.வி.யில 2-ன்னு பேரு, ஆனா காத்துல வர்றது 12-ல. பழகுன நம்பர மாத்தினா சனம் தேடும்னு பழைய பேரையே வச்சுக்கிட்டான். இங்க மத்த பெரிய சேனலெல்லாம் யூ.ஹெச்.எஃப்.பு, சின்ன அலை, உங்க காகிதம் மாதிரி தட்ட ஆன்டெனா அதப் புடிக்கும். 12 வி.ஹெச்.எஃப்.பு, அலை ஒண்ணு கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் நீளம். அதுக்குக் காகிதம் ஆகாது, கம்பி வேணும். பழைய சாமான் கடையில மூணு டாலருக்கு முயல் காது மாதிரி ரெண்டு கம்பி வச்ச ஆன்டெனாவ பேத்தியோட போயி வாங்கியாந்தேன். ஒவ்வொரு கம்பியும் 35 சென்டிமீட்டர், நம்ம கையில ஒன்றரை சாண். வி மாதிரி தூக்காம ரெண்டையும் படுக்கப் போட்டு, கம்பியோட பக்கவாட்டு டவரப் பாக்குற மாதிரி வச்சேன். முழுசா இழுத்து விட்டாத்தான் நல்லா வரும்னு நெனைக்காதீங்க, அளவுதான் முக்கியம்.

வச்ச எடம் பால்கனி, கெழக்கு மூலை. கட்டடம் வச்சிருக்கவங்க ஆபீசுல கூடாதுன்னுட்டாங்கன்னு நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு. பேத்தி அதையும் படிச்சுச் சொல்லிச்சு. 1996-லயே எஃப்.சி.சி. சட்டம் போட்டிருக்கு, 1999-லேருந்து வாடகைக்காரனுக்கும் உண்டு. நமக்கே நமக்குன்னு விட்ட பால்கனிக்குள்ள டி.வி. ஆன்டெனா வைக்கிறத அவங்க தடுக்க முடியாது. மொட்டமாடி, பொதுச் சுவரு, சுவத்துல ஓட்ட போடுறதுக்கெல்லாம் கேட்டுத்தான் ஆகணும். நான் ஓட்ட போடல, தட்ட வயரு வாங்கிக் கதவு சந்துல விட்டிருக்கேன்.

எதுத்த கட்டடத்துல அலை மோதித் திரும்பி வந்து கொழப்பும், அதனால ஒரு அடி ஒரு அடியா நகத்திப் பாக்கணும். நான் நகத்துனேன், பேத்தி உள்ள டி.வி. மெனுவுல சிக்னலு அளவப் பாத்து நம்பரு சொல்லிச்சு. ஒரு எடத்துல கம்பிய நான் புடிச்சிருந்தா 80, விட்டா 40. மனுச ஒடம்பும் ஆன்டெனாதான் மாப்ளே. ஆனா எனக்கு ஆறு மாசந்தான் விசா. அதனால ரெண்டடி தள்ளி வச்சேன், கைய எடுத்தும் 75-லயே நின்னுச்சு. அதுக்கப்பறம் ஒரே ஒரு தடவ சேனல் ஸ்கேன். நீங்க நாளுக்கு நாலு தடவ ஸ்கேன் போட்டுக்கிட்டு இருந்தீங்க, நெல்லு வெளையறதுக்கு முன்னால தெனம் அறுப்பு வச்ச மாதிரி.

இன்னொண்ணு. பால்கனியில மாட்டுன எல்.இ.டி. வெளக்கப் போட்டா 2-ஆம் நம்பரு ஒடையுது. மலிவு பல்புல அந்த இரைச்சல் உண்டு, வி.ஹெச்.எஃப்.ப அது நல்லாவே கெடுக்கும். காலையில பத்து மணிக்கு ஆரும் அந்த சுவிட்சத் தொடப்படாது.

நாலு ஆன்டெனாவையும் பூஸ்டரையும் பெட்டியோட கட்டி வாசல்ல வச்சிருக்கேன். கடைசியா வாங்குனது ரெண்டும் திருப்பிக் குடுக்க வெள்ளிக்கெழம வரைக்கும் கெடு இருக்கு, பில்லத் தேடி வைங்க.