பதினேழே முக்கால் வயதுப் பெரியவர்

அனுப்புநர்:
சேர்க்கை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில், பெயருக்கும் சாதிக்கும் இடையே அமைந்துள்ள ‘பிறந்த தேதி’ என்னும் கட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள், பல்கலைக்கழக மானியக் குழு, பகதூர் ஷா ஜாஃபர் மார்க், புது தில்லி.

பொருள்: முதலாண்டில் சேரும் 18 வயது நிறையாத மாணவர்கள் ஒரு நாளின் எந்தெந்த நேரத்தில் குழந்தைகள், எந்தெந்த நேரத்தில் பெரியவர்கள் என்பதற்குக் கால அட்டவணை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதுவரை எவர் பார்வையிலும் படவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்தியாவில் ஒருவர் எந்த நாளில் பெரியவராகிறார் என்பதை 1875-ஆம் ஆண்டின் வயதடைவுச் சட்டம் தீர்த்து வைத்துள்ளது. 18 ஆண்டு நிறையும் நாளில் அவர் பெரியவர், அதுவரை இளவர், அதாவது தம் பெயரில் ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதியைச் சட்டம் இன்னும் அளிக்காத ஒருவர். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் ‘இளவர்’ என்ற மரியாதைச் சொல்லைக்கூட விட்டுவிட்டு, 18 நிறையாத எவரையும் ‘குழந்தை’ என்றே குறிக்கின்றன. ஐந்து வயது நிறைந்து முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, இடையில் எங்கும் தங்காமல் பன்னிரண்டு வகுப்பையும் முடித்தால் 17 வயதில் கல்லூரி வாசலில் நிற்கும்; மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வோ, சேரும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் நாளுக்குள் 17 நிறைந்தால் போதும் என்று தன் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே முதலாண்டு வகுப்பறையில் குழந்தைகள் அமர்ந்திருப்பது எவருடைய தவறாலும் நேர்ந்ததன்று; கல்வி முறை கணக்குப் போட்டுத்தான் அவர்களை அங்கே கொண்டுவந்து உட்கார வைக்கிறது.

விளக்கத்தின் பொருட்டு, டிசம்பர் 10-ஆம் நாள் பிறந்த ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவர் பொறியியல் கல்லூரியில் செப்டம்பர் 10 அன்று சேர்கிறார் என்றால், அன்று அவருக்கு வயது பதினேழே முக்கால். பெரியவராவதற்கு இன்னும் 91 நாள் மீதம். இக்கடிதம் கேட்பதெல்லாம் அந்த 91 நாள்களுக்கான அட்டவணையை மட்டுமே.

காலை பத்து மணிக்குக் கட்டணச் சாளரத்தின் முன் நிற்கும்போது அவர் பெரியவர் என்பதில் ஐயமில்லை. விதிகளைப் படித்துப் புரிந்துகொண்டதாகவும், இடையில் விலகினால் மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டுவதாகவும், நிருவாகத்தின் முடிவே இறுதியானது என்றும் அச்சிட்ட தாளில் அவர் கையெழுத்திடுகிறார். இளவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று பிரிவி கவுன்சில், அதாவது அந்நாளில் இந்திய நீதிமன்றங்களுக்கும் மேலாக லண்டனில் அமர்ந்திருந்த இறுதி முறையீட்டு மன்றம், 1903-இல் மோஹரி பீபி வழக்கில் தீர்ப்பளித்தது; கல்கத்தாவில் வயது நிறையாமல் சொத்தை அடகு வைத்தவரின் வழக்கு அது. அடகுக் கடைக்காரர்கள் அன்றே கற்றுக்கொண்ட பாடம் கல்லூரி அலுவலகத்துக்கு வந்துசேர 120 ஆண்டுகள் போதவில்லை என்பதைக் குறையாகச் சொல்ல இயலாது; தபால் தாமதமாகியிருக்கலாம்.

பத்தரை மணிக்கு ராகிங் தடுப்பு உறுதிமொழிப் பத்திரம். குழுவின் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி மாணவர் ஒன்றும் பெற்றோர் ஒன்றுமாக ஆண்டுதோறும் இதை அளிக்க வேண்டும். இதன் பின்னால் இருக்கும் துயரம் பகடிக்குரியதன்று. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதன் பின்னரே தமிழ்நாடு 1997-இல் ராகிங் தடைச் சட்டத்தை இயற்றியது. பகடிக்குரியது வேறு: யாரைக் காக்க அந்தப் பத்திரம் வந்ததோ அந்தப் பிள்ளையிடமே, தான் எவரையும் துன்புறுத்த மாட்டேன் என்று எழுதி வாங்கி, கோப்பில் கட்டி, அலமாரியில் பூட்டிவிட்டு, பாதுகாப்பு ஏற்பாடு நிறைவுற்றதாக அறிக்கை அனுப்பப்படுகிறது.

மாலை ஆறரை மணிக்கு அதே மாணவி விடுதி வாசலை அடையும்போது திடீரென வயது குறைந்துவிடுகிறது. விடுதியின் மேசையில் கயிற்றில் கட்டிய பேனாவோடு நீளவாக்கில் கோடு போட்ட அவுட்பாஸ் நோட்டு ஒன்று கிடக்கிறது. தேதி, செல்லுமிடம், காரணம், அழைத்துச் செல்பவர், உறவுமுறை, திரும்பும் நேரம், வார்டன் கையொப்பம் என்று ஏழு பத்திகள். எட்டாவதாக ‘வயது’ என்றொரு பத்தி இல்லை, ஏனெனில் அங்கே அது தேவைப்படவில்லை. 17 வயது முதலாண்டு மாணவியும் 23 வயது முதுகலை மாணவியும் அந்த நோட்டின் முன் ஒரே குழந்தைதான். குழு 2015-இல் வெளியிட்ட வளாகப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள், எளிதில் ஏறிக் கடக்க முடியாத உயரத்தில் சுற்றுச்சுவரும் அதன்மேல் சுருள் முள்வேலியும் மூன்றுக்கு மிகாத வாயில்களும் இருக்க வேண்டும் என்று நுணுக்கமாகப் பேசுகின்றன. நியாயமாகச் சொன்னால், ஏறத்தாழ 25 மாணவருக்கு ஓர் ஆசிரியர் ஆலோசகராக இருக்க வேண்டும் என்ற நல்ல வாக்கியமும் அதே ஆவணத்தில் உண்டு; ஆனால் சுவர் எழுப்ப ஒப்பந்தக்காரர் கிடைக்கிற வேகத்தில் ஆலோசகர் கிடைப்பதில்லை.

சில இடங்களில் குழந்தைப் பருவம் டிசம்பர் 10-இலும் முடிவதாயில்லை. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவியர் இரவு ஒன்பதரை மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது, மூளை முழு முதிர்ச்சி பெறுவது 25 வயதில்தான் என்றும் 18 வயதில் கட்டற்ற சுதந்திரம் ஏற்றதன்று என்றும் கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தில் வாதிட்டது. வாதம் அறிவியல் சார்ந்ததாகவே இருக்கலாம். அதே அறிவியலின்படி, 25 நிறையாதவரிடம் எழுதி வாங்கிய உறுதிமொழிகளையெல்லாம் திருப்பித் தர வேண்டும் என்பதும் பெறப்படும்.

விடுதிக் காப்பாளர் ‘பெற்றோர் இடத்தில்’ நிற்பவர் என்பது பழைய சட்டக் கருத்து. பெற்றோர் அருகில் இல்லாதபோது பிள்ளையைக் காக்கும் கடமையும் கண்டிக்கும் அதிகாரமும் ஒருசேர அவர் மீது வந்து விழுகின்றன என்பது அதன் பொருள். நடைமுறையில் இக்கருத்து நேரம் பார்த்து வேலை செய்கிறது. கேட்டைப் பூட்டும்போது காப்பாளர் தாய்க்குத் தாய், தந்தைக்குத் தந்தை. நள்ளிரவில் குடல்வால் அழற்சியால் மாணவி துடித்து, அறுவைக்கு ஒப்புதல் கேட்டு மருத்துவமனை தாளை நீட்டும்போது மட்டும் அவர் வெறும் ஊழியராகி, திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ உள்ள பெற்றோரின் கைப்பேசி எண்ணைத் தேடத் தொடங்குகிறார்.

இத்தனைக்கும் வளாகத்தில் வயதைக் கேட்பவர்கள் இல்லாமல் இல்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தின் இரத்ததான முகாமில் முதல் மேசையிலேயே பிறந்த தேதி கேட்கப்படுகிறது. 18 நிறையாதவர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தாலும், கேலிச் சிரிப்புகளுக்கு நடுவே திருப்பி அனுப்பப்படுகிறார், பிஸ்கட்டும் பழச்சாறும் கிடையாது. கல்விக் கடன் தரும் வங்கி, மாணவர் இளவராக இருந்தால் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 18 நிறைந்ததும் அவரை அழைத்து ஏற்புக் கடிதம் எழுதி வாங்குவதை வழக்கமாக வைத்திருக்கிறது. அந்தப் பிறந்தநாளை நண்பர்கள் மறந்தாலும் வங்கி மறப்பதில்லை. இரத்தத்துக்கும் கடனுக்கும் வயது உண்டு. பிறந்த தேதிக் கட்டத்தை நிரப்பாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் கல்லூரி, நிரப்பிய பின் அதை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதே அனுப்புநரின் மனக்குறை.

இந்தக் குறை வெறும் தன்மானம் சார்ந்ததாக இருந்தால் குழுவின் நேரத்தை வீணாக்கியிருக்க வேண்டியதில்லை. பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கென 2015-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழுவை அமைக்கச் சொல்கின்றன. ஆசிரியர்களும் அலுவலர்களும் வெளி உறுப்பினரும், மாணவர் தொடர்புடைய புகாராயின் மாணவப் பிரதிநிதிகளும் அமரும் இக்குழு 90 நாள்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். 18 நிறைந்த மாணவிக்கு இது ஒரு நல்ல வழி. பதினேழே முக்கால் வயது மாணவி மீது நடந்தது பாலியல் குற்றமாக இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு: போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்ததை அறிந்த அல்லது நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும் அதைக் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தமக்குக் கீழ் பணியாற்றுபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு 21-ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது, குற்றவாளி அதே கல்வி நிறுவனத்தின் ஊழியராக இருந்தால் குற்றமே கடுமையான வகையைச் சேர்ந்துவிடுகிறது. எந்தப் புகார் எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் முதல் கேள்வி, புகார் தருபவரின் வயது. அதைக் கேட்காமல் கூட்டம் கூட்டி, குறிப்பேடு எழுதி, தேநீர் அருந்தி, செப்டம்பர் 10-இல் தொடங்கிய விசாரணையை 90 நாளில் முடித்தால் தேதி டிசம்பர் 9. மறுநாள் காலை மாணவி பெரியவராகிவிடுகிறார். இந்தக் கணக்கு தற்செயலாகத்தான் பொருந்துகிறது என்பதைப் புகார்க் குழுவின் சார்பில் அனுப்புநரே தெளிவுபடுத்திவிடுகிறார். குற்றம் நடந்த நாளின் வயதையே சட்டம் பார்க்கும் என்பதை மட்டும் எவரேனும் கல்லூரி முதல்வருக்குச் சொல்லிவைப்பது நல்லது.

இதே சட்டத்தின் இன்னொரு முனை மாணவர் பக்கமும் திரும்பியிருக்கிறது. இளவரின் இசைவைச் சட்டம் இசைவாகக் கொள்வதில்லை. ஆகவே இரண்டாமாண்டின் 19 வயது மாணவரும் முதலாண்டின் 17 வயது மாணவியும் விரும்பிப் பழகினாலும், உறவு எல்லை கடந்தால் ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவர், மற்றவர் பாதிக்கப்பட்ட குழந்தை. 16 வயதுக்கு மேற்பட்டோரின் விருப்ப உறவுகளை இச்சட்டத்தின் கடுமையிலிருந்து விலக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் ஒரு யோசனை சொன்னது, சட்டம் மாறவில்லை. முதலாண்டு வரவேற்பு விழாவில் தாளாளரின் வாழ்க்கை வரலாறு நாற்பது நிமிடம் ஒளிபரப்பாகும்போது, இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்குவது இயலாததன்று.

கல்லூரிக்குக் குழந்தைகள் வருவது புதிய சிக்கல் என்று குழு கருதுமானால், வரலாறு ஒப்பாது. 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்த சி. வி. இராமனுக்கு வயது 14. மறு ஆண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த சீனிவாச ராமானுஜன், கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமல் தேர்வில் தவறி, உதவித்தொகையை இழந்து, 1905-இல் 17 வயதில் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். அவர் முன் அவுட்பாஸ் நோட்டு இருந்திருந்தால் ‘காரணம்’ என்ற பத்தியில் என்ன எழுதியிருப்பார் என்பது ஆய்வுக்குரியது. உதவித்தொகை போன மாணவரிடம் ஒரு வார்த்தை பேச எவரேனும் இருந்தாரா என்பது அதைவிட ஆய்வுக்குரியது.

இளவரைக் குறிக்கும் ‘மைனர்’ என்ற சொல்லுக்குத் தமிழில், மல் ஜிப்பாவும் கழுத்தில் சங்கிலியுமாகத் திரியும் செல்வர் வீட்டுப் பிள்ளை என்றொரு பொருளும் உண்டு. ஜமீன்தார் இறந்து வாரிசு சிறுவராக இருந்தால், வயது நிறையும்வரை சொத்தை நிருவகிக்கவும் வாரிசைப் படிக்க வைக்கவும் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்றொரு துறையையே வெள்ளை அரசு நடத்திவந்தது. சென்னையில் நியூயிங்டன் என்ற மாளிகையில் அந்த மைனர்களுக்கென்றே கல்விக்கூடம் இருந்தது. அந்தப் பாதுகாப்பும் நிறைவானதன்று. 1919-இல் அதன் முதல்வர் தெ லா ஹே தம் படுக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார், வழக்கில் குற்றவாளி என்று எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆயினும் சொத்துள்ள மைனர் எவர், அவருக்கு எந்தத் தேதியில் வயது நிறைகிறது என்பதாவது அரசுக்குத் தெரிந்திருந்தது. சொத்தில்லாத மைனருக்கு அந்தப் பட்டியலும் கிடையாது.

எனவே குழு, ஒவ்வொரு கல்லூரியும் சேர்க்கை முடிந்த வாரத்திலேயே 18 நிறையாதோரின் பட்டியலைத் தயாரித்து, அதைப் படிக்க ஒருவரை நியமித்து, அவர் பெயரை மாணவருக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்குமாறு ஒரு சுற்றறிக்கை விடலாம். 2023 டிசம்பரில் பிரதமரின் படத்தோடு செல்ஃபி முனைகள் அமைக்கச் சொல்லிப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் கடிதம் எழுத நேரம் கிடைத்த அலுவலகத்துக்கு இது பெரிய பாரமன்று. பட்டியல் இயலாதெனில், முன்பு கோரியபடி கால அட்டவணையையாவது வெளியிட வேண்டும்: கட்டண நேரத்தில் பெரியவர், கேட் மூடும் நேரத்தில் குழந்தை, புகார் தரும் நேரத்தில் பெரியவர், ஒப்புதல் கையெழுத்து நேரத்தில் குழந்தை, தேர்வில் தவறினால் மீண்டும் பெரியவர்.

இக்கடிதம் உள்வரவுப் பதிவேட்டில் எண் பெற்று, உதவியாளர், பிரிவு அலுவலர், சார்புச் செயலர் ஆகியோரின் மேசைகளில் தங்கித் தங்கித் தலைவரை அடைவதற்குள் 91 நாள் கடந்துவிடும் என்பதை அனுப்புநர் அறிவார். அதற்குள் மாணவி ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்து, வங்கியில் ஏற்புக் கடிதம் கொடுத்து, இரத்ததான முகாமில் பிஸ்கட்டும் வாங்கியிருப்பார். ஆகவே ‘பொருள் காலாவதியானது’ என்று குறிப்பெழுதிக் கோப்பை மூடிவிடுவதில் ஆட்சேபணை இல்லை. அடுத்த செப்டம்பரில் அதே எண்ணில் திறக்க வேண்டியிருக்கும் என்பதால், நாடாவைச் சற்றுத் தளர்வாகக் கட்டிவைக்குமாறு மட்டும் பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.