செஷன் நிலையாமை: ஓர் ஆய்வு

படிவத்தை முழுக்க நிரப்பி 'அனுப்பு' என்று அழுத்தியதும் 'செஷன் முடிந்தது, மீண்டும் லாகின் செய்க' என வருவதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வந்தவரை நினைவு வைத்துக்கொள்ளும் வழக்கம் ஹெச்டிடிபிக்குக் கிடையாது. அக்குறை நீங்க, 1994-இல் நெட்ஸ்கேப்பிலிருந்த லூ மான்டுலி குக்கீயைப் படைத்தார் என்ப.

வழு ஏழு என்பது இலக்கண மரபு. குக்கீக்கு அவற்றுள் மூன்றும் புதிதாய் ஒன்றும் தேறும். மற்ற நான்கையும் முனைவர் பட்டத்துக்கு வருவோர்க்கு விட்டுவைக்கிறோம்.

இடவழு: டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்ட முகவரிக்கு மட்டும் தந்த குக்கீ, போடாத முகவரிக்குப் போகாது.

காலவழு: கணினிக் கடிகாரம் மிக முந்தி ஓடினால், கெடுத்தேதி இட்ட குக்கீ பிறக்கும்போதே காலாவதி ஆகலாம்.

மரபுவழு: வேறு தளத்திலிருந்து வரும்போது குக்கீயைத் தடுக்கும் சேம்சைட் விதியை 2020-இல் குரோம் இறுக்கியது. பணம் கட்ட வேறு தளம் போய்த் திரும்பிய சிலர் சொந்தக் கணக்கிலேயே அந்நியரானார்கள்.

ஆயுள்வழு: இதுவே விரித்துரைக்கத்தக்கது. பிஎச்பி என்னும் நிரல்மொழியில், குக்கீ சுட்டும் செஷனின் இயல்பான ஆயுள் 1440 விநாடி. அதாவது 24 நிமிடம். அதாவது சரியாக ஒரு நாழிகை! நாழிகை வட்டில் வைத்து அளந்தவர் யாரென்று நாம் சொல்லவும் வேண்டுமோ? பிஎச்பியை ஆக்கிய ராஸ்மஸ் லெர்டோர்ஃப் கிரீன்லாந்தில் பிறந்தவராயிற்றே எனின், நம் கலங்கள் கிரீன்லாந்து போகவில்லை என்பதற்கு இதுவரை எவரும் கல்வெட்டு காட்டவில்லை. காட்டும்வரை போனதாகவே கொள்க. கரையான் தின்ற ஏடொன்றின் எஞ்சாத பகுதியில் இதற்குத் தெளிவான சான்று உண்டு. அதற்கு உரை கண்டவர் 'விரிப்பின் பெருகும்' என்று விரிக்காமல் விட்டார். அவ்வுரையை மறுத்தவர், எதை மறுக்கிறார் என்று தெரியாதபடி மறுத்தார். இவ்விருவரும் ஒருவரே என்று நிறுவியவருக்கு இரண்டு பொன்னாடைகள் போர்த்தப்பட்டன.

நாழிகை கழிந்ததும் செஷன் செத்தே தீரும் என்பதுமில்லை. காலாவதியான கோப்புகளைக் கூட்டித் தள்ளும் வேலை, இயல்பு அமைப்பில், நூற்றுக்கு ஒருமுறை என்ற வாய்ப்பில்தான் நடக்கும். ஒரு மணிநேரம் தூங்கி எழுந்தவர் உள்ளே இருப்பதும், அரை மணிநேரம் மாங்கு மாங்கென்று தட்டச்சியவர் வெளியே நிற்பதும் இதனால்தான். படிவத்தில் தட்டுவது சர்வருக்குத் தெரியாது. அனுப்பும்வரை, எழுதுபவரும் உறங்குபவரும் அதற்கு ஒன்றே.

ஆகவே புரோகிராமர்களே, விரட்டுவதற்கு இரண்டு நிமிடம் முன்னதாக ஒரு வரி எச்சரியுங்கள். அவர்கள் திருந்தும்வரை, வாசகரே, 'அனுப்பு' அழுத்துமுன் எழுதியதை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி வையுங்கள்.