பம்ப்பைப் பொருத்தியதும் பிடுங்கியதும்

1920களில் அமெரிக்காவில் லாரி ஓட்டியவர்கள் யாரும் தண்டால் எடுக்கவில்லை. அதற்கு அவசியமே இல்லை. நிற்கிற லாரியின் சக்கரத்தைத் திருப்புவதே தினசரி மல்யுத்தம். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் வெடுக்கென்று சுழன்று ஓட்டுபவரின் கட்டைவிரலைப் பதம் பார்க்கும். இப்படிப்பட்ட லாரிகளைச் செய்து விற்ற கம்பெனிகளில் ஒன்று பியர்ஸ்-ஏரோ. அங்கே லாரிப் பிரிவில் பெரிய இன்ஜினீயராக இருந்த ஃபிரான்சிஸ் டேவிஸ் என்பவருக்கு மனசு கேட்கவில்லை. வேலையை உதறிவிட்டு மாசசூசெட்ஸில் வால்தம் என்ற ஊரில் ஒரு சின்னப் பட்டறையை வாடகைக்குப் பிடித்தார். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுக் கையில் கிரீஸோடு நின்றவரைப் பற்றி அவருடைய சொந்தக்காரர்கள் என்ன பேசினார்கள் என்பதைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. ஊகிக்கச் சிரமமும் இல்லை.

ஆயிலின் அழுத்தத்தால் ஸ்டீயரிங்கை லேசாக்குவது அவர் திட்டம். ஆனால் அந்தக் காலத்து ஹைட்ராலிக் எந்திரங்கள் ஆயிலை எந்நேரமும் அழுத்தத்திலேயே அடைத்து வைத்தன. அடைத்து வைத்தால் எது சும்மா இருக்கும்? கிடைத்த இடுக்கிலெல்லாம் கசிந்தது. டேவிஸ் மாற்றி யோசித்தார். ஒரு பம்ப் ஆயிலை அதுபாட்டுக்குச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கட்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் ஒரு வால்வு வழியை மறிக்கட்டும். அப்போது எகிறும் அழுத்தம் சக்கரத்தைத் தள்ளட்டும். 1926-ல் இந்தப் பவர் ஸ்டீயரிங்கை ஒரு பியர்ஸ்-ஏரோ காரில் பொருத்தி, டெட்ராய்ட் பெரிய மனிதர்களிடம் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ்காரர்கள் ஓட்டிப் பார்த்து அசந்துபோய் ஒப்பந்தம் போட்டார்கள். பிறகு பெரிய மனிதர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள்: கிடப்பில் போட்டார்கள். பொருளாதாரப் பெருமந்தம் வந்துவிட்டது. கஞ்சிக்கு வரிசையில் நிற்பவனிடம் போய், "இதில் ஸ்டீயரிங் லேசா இருக்கும் சார், ஒண்ணு எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்க முடியுமா?

நடுவில் உலகப்போர். பட்டாளம் மட்டும் கவச வண்டிகளுக்கு இதை மறுபேச்சில்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டது.

1951-ல் கிரைஸ்லர் தன் இம்பீரியல் காரில் 'ஹைட்ராகைட்' என்று ஒரு சமாச்சாரத்தை இறக்கியது. சரக்கு டேவிஸுடையது, அவருடைய காப்புரிமைகள் சில அதற்குள் காலாவதியாகியிருந்தன. ஆள் அசரும்வரை காத்திருந்து கொய்யா பறிப்பவனைத் திருடன் என்போம். காப்புரிமை அசரும்வரை காத்திருந்தால் தொழிலதிபர். ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சுருக்கென்றது. ஓடிப்போய் டேவிஸைப் பிடித்தார்கள். மறு வருஷமே அவர்களுடைய கேடிலாக்கிலும் பவர் ஸ்டீயரிங் வந்துவிட்டது. அதுவரை இருபத்தாறு வருஷம் எங்கே போயிருந்தீர்கள் என்று டேவிஸ் கேட்டாரா, தெரியாது. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

ரேஸ்காரர்கள் இந்தச் சொகுசைச் சட்டையே செய்யவில்லை. 1955 அர்ஜென்டினா கிராண்ட் பிரீயில் வெயில் கொளுத்தியதில் ஒவ்வொருவராகச் சுருண்டு, வண்டியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நிழலுக்கு ஓடினார்கள். ஃபேன்ஜியோ என்ற ஓட்டுநரோ மூன்று மணி நேரம் தனியாளாக மெர்சிடஸை வளைத்து வளைத்து ஓட்டி ஜெயித்தார். அந்தக் காரில் பம்ப்பும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. இருந்த ஒரே ஹைட்ராலிக் சங்கதி அவருடைய வியர்வை.

சிக்கல் ஆரம்பித்தது பிற்பாடு. பம்ப் வைத்த குடும்பக் கார்களை ஞாயிற்றுக்கிழமைகளில் டிராக்குக்கு ஓட்டிக்கொண்டு போகும் பக்தர்கூட்டம் ஒன்று உருவானது. பம்ப்பின் ஜாதகம் அதற்குத் தோதானதல்ல. பார்க்கிங்கில் இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் முனகும்போதே போதுமான ஆயிலைத் தள்ளும்படிதான் அதைப் படைத்திருக்கிறார்கள். டிராக்கில் இன்ஜின் 7000-ல் அலறும். பெல்ட்டில் கட்டிப்போட்ட பம்ப்பும் கூடவே அலறும். ஏறக்குறைய ஒன்பது மடங்கு வேகம். வண்டி பறக்கும்போது ஸ்டீயரிங் தானாகவே லேசாகிவிடும் என்பதால், அவ்வளவு ஆயிலைக் கேட்க நாதியில்லை. மிச்சத்தை ஒரு வால்வு பம்ப்பின் வாய்க்கே திருப்பி ஊட்டுகிறது. தள்ளிய ஆயிலையே விழுங்கி, விழுங்கியதையே தள்ளி, அந்தச் சக்தியெல்லாம் சூடாக மாறுகிறது. போதாததற்கு, உறிஞ்சும் பக்கம் ஆயில் வந்து சேர்வதற்குள் உள்ளே தகடுகள் சுழன்றுவிடுவதால் குமிழிகள் உண்டாகி வெடிக்கின்றன. பம்ப் ஊளையிடும். ஆயில் நுரைத்துக்கொண்டு டேங்கின் மூடி வழியாக வெளிநடப்பு செய்யும்.

சில லேப் ஓட்டிவிட்டு வந்து பானெட்டைத் திறந்தால் காட்சி கண்கொள்ளாது. மூடியைச் சுற்றிச் சிவப்பாக வழிந்து, அதில் டயர்த் தூள் ஒட்டி, பெல்ட்டில் தெறித்து, பெல்ட் வழுக்கி, போதாக்குறைக்கு ஒரு சொட்டு எக்ஸாஸ்ட்டில் விழுந்து புகைந்துகொண்டிருக்கும். அந்தப் புகை தீயாக மாறுவதும் உண்டு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இந்தக் கட்டத்தில் சிரிப்பதில்லை.

வைத்தியங்கள் பல. பம்ப்பின் வேகத்தைக் குறைக்கப் பெரிய புல்லி. சூட்டைத் தணிக்க ஒரு கூலர். ஹோஸ்களுக்குப் புதுக் கிளாம்ப். ஆயிலைக் கழுத்துவரை ஊற்றாமல் கொஞ்சம் அளவாக ஊற்றுவது. இத்தனைக்கும் மேல், வழிவதைக் குடிக்கட்டும் என்று டேங்கின் தலையில் ஒரு பழைய காலுறையை மாட்டிவிடுவார்கள். லட்சக்கணக்கில் செலவழித்த வண்டியில் அடிக்கடி கண்கண்ட பலன் தருவது இந்தக் காலுறைதான்.

இதுவும் பலிக்காதவர்கள் பம்ப்பையே பிடுங்கி எறிகிறார்கள். மாஸ்டா மியாட்டா கார் வைத்திருப்பவர்களிடையே இது கிட்டத்தட்ட ஒரு தீட்சை. பெல்ட்டைக் கழற்றினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு முதல் வளைவிலேயே ஞானோதயம். ஸ்டீயரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் பவர் ரேக் வேகமாகத் திரும்பும்படி செய்யப்பட்டது, அதனால் சாதா ரேக்கைவிடக் கனக்கும். உள்ளே மிச்சமிருக்கும் ஆயிலும் முட்டுக்கட்டை போடும். எனவே ரேக்கைக் கழற்றி, பிஸ்டனின் சீலை உருவி, வால்வில் முறுக்கிக்கொள்ளும் கம்பியை வெல்டு வைத்து இறுக்க வேண்டும். டேவிஸ் பட்டறையில் மண்டையை உடைத்துச் சேர்த்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரிப்பதற்கு இன்று கூலி கொடுக்கிறார்கள். இண்டிகார் பந்தயத்திலோ இன்றும் பவர் ஸ்டீயரிங்கே கிடையாது. அங்கே ஓட்டுநர்கள் ஜிம்முக்குப் போகிறார்கள்.

பம்ப்புக்குக் கடைசி மாலையைப் போட்டது ஒரு பொடியன்: 1988-ல் ஜப்பானில் வந்த சுஸுகி செர்வோ. அந்தக் குட்டிக் காரில் பம்ப்புக்குப் பதில் மின்மோட்டார். ஆயில் இல்லை, பெல்ட் இல்லை, காலுறை இல்லை. இன்று கடைக்குப் போய் வாங்கும் கார்களில் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான். அதையும் நம்மவர்கள் டிராக்குக்கு ஓட்டிப் போனார்கள். சில கார்களில் மோட்டார் சூடேறியதும் கம்ப்யூட்டர் உதவியைக் குறைத்துவிடுகிறது. வளைவின் நடுவில் ஸ்டீயரிங் திடீரென்று கல்லாகிறது. டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. இதற்கு எந்த இடத்தில் காலுறை மாட்டுவது என்று ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது.