சர்க்கரை, சம்பளம், சாம்பார் சாதம்

2020 ஊரடங்கில் வந்த அறிவுரை எளிமையானது: சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டிலேயே பத்திரமாக இருங்கள். சர்க்கரை உள்ள குடும்பத் தலைவிகள் அப்படியே இருந்தார்கள். மூன்று வேளைச் சமையல், மலையாகப் பாத்திரம், மாமனாருக்குக் கபசுரக் குடிநீர், பையனுக்கு ஆன்லைன் வகுப்பு, நடுவில் ஆபீஸ் மீட்டிங். கேமராவை அணைத்துவிட்டு, வயிற்றில் இன்சுலின் ஊசியைக் குத்திக்கொண்டே "என் குரல் கேக்குதா சார்?" என்று விசாரிப்பது தனிக் கலை. அந்த நேரம் பார்த்து ஹாலிலிருந்து ஒரு குரல்: "சும்மாதானே இருக்கே, ஒரு காபி."

தானதர்மத்தையும் விடவில்லை. வராத வேலைக்கார அம்மாவுக்கு முழுச் சம்பளம், தெருமுனைக்குச் சாம்பார் சாதப் பொட்டலம். தனியார் நேரடியாக நிவாரணம் வழங்கக் கூடாது என்று ஏப்ரலில் தமிழ்நாடு அரசு தடுத்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டு, 48 மணி நேரம் முன்னதாகத் தகவல் சொல்லிவிட்டுக் கொடுக்கலாம் என்றது. பசியும் அப்படியே முன்தகவல் சொல்லிவிட்டு வந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்!

பொட்டலம் கொடுத்தவர் போட்டோவில் சிரித்தார். கட்டியவர் அடுப்படியில் நின்றார். "மாத்திரை போட்டியா?" என்று அவரை யாராவது கேட்டிருந்தால், அதுவும் நிவாரணப் பணிதான். அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்பட்டிருக்காது.