பைக் ஆயில் மிச்சம் இருக்கிறதே!

கேள்வி: புயல் வருவதற்குள் எங்கள் பெட்ரோல் ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்ற வேண்டும். பைக்குக்கு வாங்கிய 20டபிள்யூ-40 மிச்சமிருக்கிறது. ஊற்றலாமா? (வாசகி, கடலூர்)

பதில்: சம்பந்தம் பேசுமுன் ஜாதகம் பாருங்கள், ஜெனரேட்டரின் ஜாதகம் அதோடு வந்த கையேடு! அதன் வெப்பநிலை அட்டவணையில் 20டபிள்யூ-40 இருந்தால் தாராளமாக ஊற்றலாம். ஆனால், சிறு நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்கள் பெரும்பாலும் கேட்பது 10டபிள்யூ-30. கொள்ளளவே ஏறக்குறைய அரை லிட்டர்தான். அதில் போய் மிச்சம் பிடிக்காதீர்கள். பல சிறு இன்ஜின்களில் ஆயில் ஃபில்டரே கிடையாது. அழுக்கையெல்லாம் சுமப்பதும் அந்த அரை லிட்டரேதான், பாவம். புது இன்ஜின் என்றால் முதல் 20 மணி நேரம் ஓடியதும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்றுங்கள். சமதளத்தில் வைத்தே அளவு பாருங்கள். எவ்வளவு மழை பெய்தாலும் ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள், அம்மா. அதன் புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.