பேரரசின் கப்பலில் இடமில்லை

ரங்கூன் தின்கன்ஜூன் டீக்கடையில் குட்டை முக்காலி போட்டு, காசில்லாமல் வைக்கிற வெறுந்தேநீரை ஊற்றி ஊற்றிக் குடித்தபடி நம் பெரியவர்கள் இன்னும் ஒரு கேள்வியை அரைத்துக்கொண்டிருக்கிறார்கள்: சூரியன் மறையாத சாம்ராஜ்யம் பர்மாவில் ஏன் தோற்றது? காடு, மழை, மலேரியா, ஜப்பான்காரன் என்று ஆளுக்கொரு காரணம். பாவம், கொசுவுக்கு ராஜவிசுவாசம் போதவில்லை!

வெள்ளைக்காரன் இந்த நாட்டை 1824, 1852, 1885 என்று மூன்று தவணையில் விழுங்கினான். முதல் தவணையில் அவனுக்காக ரங்கூனில் இறங்கிச் செத்தவர்களில் மதராஸ் சிப்பாய்கள் ஏராளம். டில்லி பகதூர் ஷாவை ரங்கூனில் வைத்தான், மண்டலே மன்னர் தீபோவை ரத்னகிரியில் வைத்தான். ராஜாக்களையே ஊர் மாற்றி அடகு வைத்த வட்டிக்கடை அது.

குடிகளை மட்டும் எப்படி வைத்திருப்பான்? 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, வரி விழவில்லை. கீழ்ப்பர்மா நெல்வயலில் ஏறக்குறைய கால்வாசி செட்டியார்கள் கைக்குப் போனது. சட்டம் வெள்ளையனுடையது, வட்டி செட்டியாருடையது, வசவு மட்டும் மூட்டை தூக்கிய தமிழனுக்கும் சேர்த்து. 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் பச்சை குத்திக்கொண்டு, தாயத்துக் கட்டிக்கொண்டு துப்பாக்கிக்கு எதிரே ஓடினார்கள். தலைவரை மறு ஆண்டே தூக்கில் போட்டார்கள். வரியைக் குறைப்பதைவிடக் கயிறு மலிவு.

கணக்குத் தீர்க்கும் நாள் 1941 டிசம்பர் 23. ரங்கூன் மேல் குண்டு விழுந்தது. துறைமுகத்துக் கூலிகள், தமிழரும் தெலுங்கரும் ஒரியரும், சட்டிபானையோடு வடக்கே நடந்தார்கள். அரசு பதறியது. அவர்கள் உயிருக்காக அல்ல, கப்பலில் சரக்கு இறக்க ஆள் வேண்டுமே! ப்ரோம் வரை போனவர்களை ஆற்றைத் தாண்ட விடாமல் திருப்பினார்கள். ஆபத்து முற்றியபோது துரைமார் கப்பலேறிக் கிளம்பிவிட்டார்கள். கூலிக்கு இந்தியா வரை நடைப்பயணம். அந்தப் பாதையிலும் வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி. சாகப் போகிற இடத்திலும் ஜாதி பார்த்த நாகரிகம்! நடந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். வழியிலேயே விழுந்தவர்களைப் பல்லாயிரம் என்றுதான் சொல்லமுடிகிறது, எண்ணிப்பார்க்க யாருக்கும் நேரமில்லை.

1942 பிப்ரவரி 23 விடிகாலை சிட்டாங் பாலத்தைத் தகர்த்தார்கள். எதிரி வரக்கூடாதாம். 17ஆவது இந்தியப் படைப்பிரிவின் பெரும்பகுதி அக்கரையிலேயே நின்றது. மார்ச் 8இல் ரங்கூனில் ஜப்பான்காரன். அவனோடு வந்தது பர்மிய விடுதலைக்குப் போராடிய ஆங் சானின் படை. இந்தச் சாம்ராஜ்யத்துக்காகச் சுட ஒரு பர்மியனாவது முன்வருவான் என்று எந்த முகத்தோடு எதிர்பார்த்தான் துரை?

ஆங் சான் ஏமாளியும் அல்ல. ஜப்பான்காரனும் எஜமான் வேஷம் கட்டியதும் 1945 மார்ச் 27இல் அவன் மேலேயே துப்பாக்கியைத் திருப்பினார். மூன்று ஆண்டுகளுக்குள் வெள்ளையன் கொடி நிரந்தரமாக இறங்கியது, 1948 ஜனவரி 4, விடிகாலை 4.20. ஜோசியர் குறித்த நேரம்.

அந்த மார்ச் 27தான் இன்று இங்கே ராணுவ தினம். 2021இல் அதே நாளில் ராணுவத் தளபதிகள் நேப்பிடோவில் அணிவகுப்பு நடத்திவிட்டு, நாடெங்கும் சொந்த ஜனத்தில் நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றார்கள். வெள்ளையன் விட்டுப்போனதில் ரயிலும் ரோடும் இற்றுவிட்டன. குடியைச் சொத்தாகப் பார்க்கிற கண் மட்டும் புத்தம்புதிதாக இருக்கிறது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை என்றார்கள். வரி போதாது, பிள்ளையும் வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் லாஷியோவில் வடகிழக்குப் படைத் தலைமையகமே கிளர்ச்சிப் படையிடம் விழுந்தது. காட்டையும் மழையையும் குறைசொல்ல இவர்களுக்கும் வசதிதான்.

டீக்கடையில் பெரியவர்கள் இன்னும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து முக்காலிகளில் இளவட்டம் ஒருவரையும் காணோம்.