வங்காலைத் தேத்தண்ணிக் கடைகளில் கருத்துக்கணிப்பு ஏற்புநிலை: ஒரு முன்னாய்வு

1. களவரையறை

இலங்கையின் ஒன்பதாவது சனாதிபதித் தேர்தல் 2024 செப்டெம்பர் 21இல் நடந்தது. அதற்கு முந்திய ஐந்து வாரங்களில் ஊருக்குள் வந்துசேர்ந்த கருத்துக்கணிப்புகளை வங்காலை எப்படி எதிர்கொண்டது என்பதே இவ்வாய்வின் பொருள். இதுபற்றி முன்னர் எவரும் எழுதியதில்லை. எழுதவேண்டிய தேவை எவருக்கும் வராததே காரணமாக இருக்கலாம் என்றார் கைப்பிரதியை வாசித்த நண்பர். ஆய்வு இடைவெளி என்று அறிஞர்கள் சொல்வது இதைத்தான்.

வங்காலை எது என்பதை முதலில் நிறுவவேண்டியிருக்கிறது. மன்னார்த் தீவில், பேசாலைப் பக்கம், வங்காலைப்பாடு என்றொரு கிராமம் உண்டு. அது வேறு. தாம்போதியைக் கடந்து பெருநிலத்துக்கு வந்து, சிலாவத்துறை வீதியில் தெற்கே இறங்கினால் புனித அன்னாள் கோயிலோடு எதிர்ப்படுவது வங்காலை. வெளியூர்ப் படிவங்களில் இரண்டும் ஒன்றாகிவிடுவதுண்டு. இடையில் கடல் கிடக்கிறது என்பதைப் புள்ளிவிவரவியல் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆய்வுமுறை, பங்கேற்று நோக்கல். அதாவது வாங்கில் இருந்து பிளேன்டீ குடித்தல். நிதியுதவி எதுவும் கிடைக்காமையால் அமர்வுகள் யாவும் கடைக்காரரின் கடன்கொப்பியிலேயே பதிவாகியுள்ளன. திகதி, ஆள், குடித்தது, பேச்சில் சூடேறியிருந்தால் ஓரத்தில் ஒரு குறிப்பு என்று அவர் ஒழுங்காக எழுதிவைப்பவர். இவ்வாய்வின் முதனிலைத் தரவு அக்கொப்பி ஒன்றே (இனி, க.கொ.).

2. முன்னோடிகள்

1936இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடி அட்டைகளை அனுப்பி, 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, லண்டன் என்ற வேட்பாளர் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ எடுத்தார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலைப் பார்த்து அட்டை அனுப்பியது ஒரு தவறு. வேலை போனவனிடம் கார் இல்லை. கலப் என்பவர் அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துச் சரியாகச் சொல்லிப் பேர் எடுத்தார். அவருடைய நிறுவனமே 1948இல் ட்ரூமன் தோற்பார் என்று சொல்லி மாட்டிக்கொண்டது.

நம் நாட்டு மரபு வேறு. மகிந்த ராஜபக்ச பதவிக்காலத்தில் இரண்டு வருடம் மிச்சமிருக்கத் தேர்தலை அறிவித்து, 2015 ஜனவரி 8இல் தோற்றார். அந்த நாளைக் குறித்துக் கொடுத்தவர் சோதிடர் சுமணதாச அபேகுணவர்தன. மாதிரியின் பருமன், ஒரு சாதகம்.

2024இல் இத்துறையில் ஒழுங்காக இயங்கியது சுகாதாரக் கொள்கை நிறுவகம். 2021 முதல் தொலைபேசி வழியாக மக்களைக் கேட்டு, பல்மட்டப் பிற்செலவும் பின்படையாக்கமும் என்ற முறையில் வடித்து வெளியிடுகிறது. சுகாதார நிறுவகத்துக்குத் தேர்தலில் என்ன வேலை என்று வெளிநாட்டார் வினவலாம். 2022 நெருக்கடியை இங்கே இருந்து பார்த்தவர்கள் வினவமாட்டார்கள்.

இந்த முறைக்கு வங்காலையில் எழுந்த ஒரே தருக்க ரீதியான மறுப்பு, இளைப்பாறிய ஆசிரியர் ஒருவருடையது. சஜித் பிரேமதாசவின் சின்னம் தொலைபேசி. ரணில் விக்கிரமசிங்கவின் சின்னம் எரிவாயு சிலிண்டர். “ரெலிபோன்ல கேட்டா ரெலிபோனுக்குத்தானே சொல்லுவாங்கள் தம்பி? ஒருக்கா சிலிண்டருக்குள்ளால கேட்டுப் பாக்கச் சொல்லுங்க” (க.கொ., ப. 11). மாதிரிச் சாய்வு பற்றிய எண்ணற்ற நூல்களில் இந்த நுட்பம் எங்கும் பேசப்படவில்லை.

3. வகைப்பாடு

(அ) நம்புவோர். தங்கள் ஆள் முந்துகிறார்.

(ஆ) நம்பாதோர். தங்கள் ஆள் பிந்துகிறார். (அ)வும் (ஆ)வும் ஒரே ஆட்கள், கிழமைதான் வேறு.

(இ) காசு கொடுத்துச் செய்வித்தது என்போர். யார் கொடுத்தது என்று கேட்டால் தலையைத் தெற்குப் பக்கம் ஆட்டுவார்கள். தெற்கே சிலாவத்துறையும் இருக்கிறது, கொழும்பும் இருக்கிறது.

(ஈ) கருத்தில்லாதோர். கடலில் இருந்தனர்.

(உ) புலனாய்வினர். இவர்களுக்கு நிறுவகங்களின் கணிப்பு பொருட்டல்ல. ‘புலனாய்வு அறிக்கை’ என்று ஒன்று இவர்களுடைய வாட்ஸப்புக்கு வரும். எந்த அறிக்கையும் அனுப்பியவரின் கட்சி தோற்கும் என்று சொன்னதில்லை. இரகசிய அறிக்கை எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று கேட்பது அநாகரிகம் (க.கொ., ப. 14, தேத்தண்ணிக் கறைக்குக் கீழே).

(ஊ) மற்றையோர். தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சங்குக்கு நின்றவர்கள். வட்டப்படங்களில் நாலு பெரிய துண்டுகளுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ‘மற்றையோர்’ என்றொரு கீற்று இருக்கும். அதைத் தொட்டுக் காட்டி, “இதுதான் நாங்க” என்பார்கள். வேட்பாளர் பட்டியலில் இருந்த 39 பெயர்களில் ஒருவர் இறந்துபோனபின்னும் வாக்குச்சீட்டில் அவருடைய பெயர் இருந்தது. ஆக அவரும் அந்தச் சாம்பல் கீற்றுக்குள்தான். இதைச் சுட்டிக்காட்டிய இளைஞருக்கு அன்றைக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்க ஆளில்லை.

(எ) வழுவீச்சினர். கணிப்பின் அடியில் கூட்டல் கழித்தல் போட்டு ஒரு வழு அளவு எழுதியிருக்கும். இவர்கள் அதை மட்டும் வாசிப்பார்கள். “பிழை விட்டிருக்கிறம் எண்டு அவங்களே கீழ எழுதியிருக்கிறாங்கள். பிறகென்ன?” (க.கொ., ப. 16).

4. கோல் வந்தவர்

இனி இவ்வாய்வின் மையப் பிரச்சினைக்கு வருவோம். கணிப்பு என்றால் யாரோ கேட்டிருக்கவேண்டும், யாரோ சொல்லியிருக்கவேண்டும். வாக்காளர் ஒரு கோடியே எழுபது இலட்சத்துக்கு மேல். கேட்கப்படுவோர் மாதத்துக்குச் சில நூறு. இந்தச் சில நூற்றில் வங்காலையிலிருந்து எவராவது இருந்தாரா?

இருந்தார் என்பது ஒரு சாரார் துணிபு. செப்டெம்பர் முதற்கிழமையில் ஒரு பொழுதுபடும் நேரம், வாடி வாசலில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவருக்குக் கொழும்பு இலக்கத்திலிருந்து கோல் வந்தது என்றும், நல்ல தமிழில் ஒரு பிள்ளை “ஐயா” என்று கூப்பிட்டுக் கேட்டது என்றும் சொல்கிறார்கள். செய்தி பரவியதும் அவர் ஊரில் வேறோர் ஆளாகிவிட்டார். வாங்கில் தள்ளியிருந்து இடம் கொடுத்தார்கள். கட்சிக்காரர் இருவர் தனித்தனியே வந்து சுகம் விசாரித்தனர். நாட்டின் நூற்றுவீதத்தில் ஒரு பகுதி அவர் வாயிலிருந்து போனது அல்லவா!

மறுசாரார் இதை மறுக்கின்றனர். வந்தது தொலைபேசிக் கம்பனியின் பாட்டு விற்கும் கோல்தான் என்பது அவர்கள் கட்சி. இரு தரப்புக்கும் ஆதாரம் ஒன்றே. க.கொ., ப. 19, வலது ஓரம், பென்சில். ‘கோல் வ’ என்பதற்குப் பின் றோல்ஸ் எண்ணெய் ஊறிக் கடதாசி கண்ணாடியாகிவிட்டது. ‘வரேல்ல’ என்று கொள்வோர் வகரத்தின் பின் ஒரு கொம்பின் நிழல் தெரிவதாகச் சொல்கின்றனர். ‘வந்தது’ என்று கொள்வோர் அது கொம்பன்று, வெங்காயம் என்கின்றனர் (ப. 19இன் பின்புறத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தது, உடனிருந்தோர், கடைக்காரர், அவர் மகள், மீன் வாங்க வந்த பேசாலை வியாபாரி, வியாபாரியின் வாசிப்பு, அவசரத்தில் செய்யப்பட்டமையால், ஏற்கப்படவில்லை). மூன்றாம் பாடம் ஒன்றும் உண்டு. ‘கோல் வச்சிட்டான்’. இதை முன்வைத்தவர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை. மேற்கோள் காட்ட எவரும் முன்வரவில்லை. ஓர் உயிர்மெய்யை வைத்துக்கொண்டு இவ்வளவு பேசலாமா என்று வாசகர் நினைக்கலாம். இதைவிடக் குறைந்த மைத்தடத்தை வைத்துக்கொண்டு ஓர் அரசனுக்குப் பட்டம் கட்டி, ஆண்டு குறித்து, அவன் மாமனார் யார் என்பதுவரை நிறுவி, அதற்காகப் பொன்னாடையும் போர்த்திக்கொண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

கோல் வந்தது என்றே கொள்வோம். அவர் என்ன விடை சொன்னார்? மூன்று மரபுகள் கிடைக்கின்றன.

முதல் மரபில் அவர், “இந்த நம்பரை ஆர் பிள்ளை உங்களுக்குத் தந்தது?” என்று கேட்டிருக்கிறார். இதை விடையாகக் கொள்ளலாமா என்று புலமையாளர் தயங்குவர். வடக்கில் தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு குரல் பெயர், வயது, ஊர் கேட்டு, யாருக்கு வாக்குப் போடுவீர்கள் என்றும் கேட்டால், இதைவிட முழுமையான விடை கிடையாது. முப்பது வருடம் கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் கருத்துக்கணிப்பாளர்களாக இருந்ததில்லை.

இரண்டாம் மரபில், “எல்லாருக்கும் போடலாம் எண்டுதான் இருக்கிறம்” என்று சொன்னார். கேட்டவர் சிரித்திருக்கக்கூடும். ஆனால் நம் முறையில் 1, 2, 3 என்று மூவருக்கு விருப்பு இடலாம் என்பதால் விடையின் பெரும்பகுதி சட்டப்படி செல்லும். அதுமட்டுமன்று, 1982இலிருந்து ஒருமுறையும் தேவைப்படாத அந்த இரண்டாம் விருப்பு எண்ணிக்கை, எவரும் ஐம்பது வீதத்தைத் தாண்டாமையால் 2024இல்தான் முதன்முறை நடந்தது. இதை ஊரில் முன்கூட்டி உணர்ந்திருந்தவர் இவர் ஒருவரே என்பது இம்மரபினரின் வாதம்.

மூன்றாம் மரபே ஆராயத்தக்கது. “பொறுங்க பிள்ளை” என்று சொல்லிவிட்டு அவர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார். அந்த அம்மா கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய்க்கு இருந்ததை 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ஆக்கியது, இந்திய இழுவைப் படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போவது, தீவில் காற்றாலை எழும்பியபின் மீன் விலகிப்போனது என்று தன் தமையன் சொல்வது, மகனுக்கு வேலை. மறுமுனையில் அந்தப் பிள்ளை, “அம்மா, இதில ஒருவரைத் தெரிவுசெய்யச் சொன்னால்?” என்று மூன்று தடவை கேட்டதாம். “அதுதான் பிள்ளை சொல்லிக்கொண்டிருக்கிறன்” என்றாராம் அவர் (வாய்மொழி, அம்மாவின் அயல்வீட்டுக்காரி வேலிக்கு மேலால் கேட்டது, அயல்வீட்டுக்காரி நத்தாருக்குப் பிறகு அவரோடு பேசுவதில்லை என்பதைக் கருத்திற்கொண்டு வாசிக்க).

இந்த உரையாடல் அட்டவணையில் ‘தீர்மானிக்காதோர்’ என்ற நிரலில் விழுந்திருக்கவேண்டும். ஊரில் அந்த அம்மாவைவிடத் தீர்மானமானவர் கிடையாது.

5. ஒப்பீட்டுக் குறிப்பு: பூநாரை

வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வலசைக் காலத்தில் தொலைநோக்கியும் பல பொக்கற் வைத்த சட்டையுமாக ஆட்கள் வந்து, தாம்போதிப் பக்கம் நின்று, பூநாரைகளை எண்ணுகிறார்கள். நேரே வந்து எண்ணுகிறார்கள். ஒரு பூநாரைக்கும் கொழும்பிலிருந்து கோல் எடுத்ததாகப் பதிவில்லை.

6. முடிவுக்குப் பிந்திய ஏற்புநிலை

தேர்தல் முடிந்தது. நாடளவில் அநுர குமார திசாநாயக்க 42.31 வீதத்துடன் முதலாவதாக வந்து, இரண்டாம் விருப்புகளும் எண்ணப்பட்டபின் வென்றார். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு அடங்கிய வன்னித் தேர்தல் மாவட்டத்தில் முதலிடம் சஜித்துக்கு. அநுரவின் சின்னமான திசைகாட்டிக்கு இங்கே விழுந்தது நூற்றுக்குப் பத்துக்கும் சற்றுக் குறைவு.

கணிப்பாளர் எவரும் கவனியாத நிகழ்வு இதன்பின்தான் தொடங்குகிறது. முடிவு வந்த மறுநாள் காலை வாங்கில் இருந்த ஒன்பது பேரில் ஐவர் திசைகாட்டிக்குப் போட்டிருந்தனர். கிழமைமுடிவில் ஏழுபேர். நவம்பர் 14 பொதுத்தேர்தலில் அநுரவின் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனம் எடுத்து வன்னியிலும் முதலிடத்துக்கு வந்த அன்று, செப்டெம்பரில் வேறு எவருக்காவது போட்ட ஒருவரை அந்தக் கடையில் காணக் கிடைக்கவில்லை. எல்லாரும் அன்றைக்கே சொன்னவர்கள். வாக்குப்பெட்டி மூடப்பட்டபின்னும் வாக்களிப்பு தொடரும் இந்த வழக்கத்துக்குப் பின்னேர வாக்களிப்பு என்று பெயரிடுகிறேன். என் பெயரோடு சேர்த்து வழங்கினால் ஆட்சேபமில்லை. சிலிண்டருக்குள்ளால் கேட்கச் சொன்ன ஆசிரியர் மட்டும், “நான் ஆருக்கும் போடேல்ல. அண்டைக்கு வயித்துக்குத்து” என்றார் (க.கொ., ப. 31, அன்று அவர் குடித்தது இஞ்சித் தேத்தண்ணி என்பதும் அங்கேயே பதிவாகியுள்ளது, ஆனால் அது மாலைப் பதிவு, காலையில் அவர் விரலில் மை இருந்ததாகக் கடைக்காரரின் மகள் சொல்கிறார், மை வேறு எங்காவது பட்டிருக்கலாம் என்பது ஆசிரியரின் மறுப்பு).

7. வழுவற்ற கணிப்பு ஒன்று

உள்ளூரில் கருத்துக்கணிப்பு மரபே இல்லை என்ற தோற்றம் இதுவரை எழுந்திருந்தால் அது சரியன்று. வடக்கு மாகாணசபைக்கு முதலும் கடைசியுமாகத் தேர்தல் நடந்தது 2013இல். திகதி அதுவும் செப்டெம்பர் 21. சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அன்றுதொட்டு வருடம் பிறந்ததும் எவராவது பேப்பரை மடித்துக்கொண்டு, “இந்த வருசம் மாகாணசபைத் தேர்தல் வைப்பாங்களா?” என்று வாங்கில் இருப்பவர்களைக் கேட்பது வழக்கம். மாதிரி எழுமாற்றானது, யார் வந்திருக்கிறார்களோ அவர்கள். விடை மறுப்போர் வீதம் பூச்சியம். நூற்றுக்கு நூறு பேரும் வையாங்கள் என்கிறார்கள். கணிப்பு இதுவரை ஒரு தடவையும் பிழைத்ததில்லை (க.கொ., எல்லாத் தொகுதிகளும், முதற்பக்கம்).